கடலோரச் சாலைக்கு எந்த எலெக்ட்ரிக் சைக்கிள்? காற்றையும் உப்பையும் வைத்து ஒரு கணக்கு

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போகிறவரும் வாடகைக்கு எடுக்கப் போகிறவரும் முதலில் கேட்பது, "மோட்டார் எத்தனை வாட்?" என்பதைத்தான். ஊருக்குள் ஓட்டுவதற்கு அந்தக் கேள்வி போதும். கடலை ஒட்டிய சாலையில் நாள் முழுக்க ஓட்ட நினைப்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அங்கே காற்றுதான் அன்றைக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முடிவு செய்கிறது. வண்டி எத்தனை வருடம் உழைக்கும் என்பதை உப்பு முடிவு செய்கிறது. மோட்டாரின் வாட் அதற்குப் பிறகுதான்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். தார்ச்சாலை, மெல்லிய ஏற்ற இறக்கம் என்றால் டார்க் சென்சார் (கால் அழுத்தத்தை அளக்கும் உணரி) உள்ள ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவில் மோட்டார்) வண்டி, 45 முதல் 50 மி.மீ. டயர், கழற்றக்கூடிய 500 வாட்-மணி பேட்டரி (வாட்-மணி என்பது பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு). பாறை முனைகளின் மேல் ஏறி ஏறி இறங்கும் சாலை என்றால் மிட் டிரைவ் (பெடல் அச்சில் மோட்டார்). தடித்த டயர் வண்டி, உண்மையிலேயே மணலில் ஓட்டப் போகிறவர்களுக்கு மட்டும். போகும்போது ஓட்டி, திரும்பும்போது ரயிலிலோ படகிலோ வர வழியிருந்தால் மடக்கு வண்டி மற்ற மூன்றையும் தோற்கடித்துவிடும். ஏன் என்பது இனி.

எதிர்க்காற்றின் கணக்கு

ஓட்டுபவர் 75 கிலோ, வண்டி 25, சாமான் 5, ஆக 105 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்து, சமதரையில், காற்றே இல்லாத நேரத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 110 வாட் வேண்டும். அதில் 60 வாட் சொச்சம் காற்றைக் கிழிக்க, மீதி டயர் உருள. சிரமமில்லாமல் பெடல் மிதிக்கும் ஒருவர் 80 வாட் தந்துவிடுவார். மோட்டார் தர வேண்டியது வெறும் 30.

இப்போது மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று வீசுகிறது. அதே வேகத்தில் போக 290 வாட் வேண்டும். ஓட்டுபவரின் 80 வாட் ஏறப்போவதில்லை. ஆக மோட்டாரின் பங்கு 30-லிருந்து 210 ஆகிறது, ஏழு மடங்கு. மோட்டாரின் செயல்திறனை 75 சதவீதம் என்று எடுத்தால், காற்றில்லாத நேரத்தில் கிலோமீட்டருக்கு 2 வாட்-மணி குடித்த பேட்டரி இப்போது 14 குடிக்கிறது. 500 வாட்-மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்கினால் மிச்சம் 400. அது 28 கி.மீ.க்குத்தான் வரும். விளம்பரத்தில் "100 கி.மீ. ஓடும்" என்று எழுதியிருப்பது பொய்யல்ல. அது காற்றில்லாத நாளின் கணக்கு.

இதில் கையில் இருக்கும் எளிய மருந்து வேகத்தைக் குறைப்பது. அதே எதிர்க்காற்றில் 20-க்குப் பதில் 15 கி.மீ. வேகத்தில் போனால் செலவு 14-லிருந்து 8.5 வாட்-மணிக்கு இறங்கிவிடும். 20 கி.மீ. தூரத்துக்குக் கூடுதலாக ஆவது இருபது நிமிடம். மிச்சமாவது நூறு வாட்-மணிக்கு மேல். பெரிய பேட்டரிக்குப் பணம் கொட்டும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

"போகும்போது எதிர்க்காற்றில் விட்டதை வரும்போது பின்காற்றில் பிடித்துவிடலாம்" என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை. 20 கி.மீ. பின்காற்றில் அதே வேகத்தில் வந்தால் மோட்டாருக்கு வேலையே இல்லை, செலவு பூஜ்யம். ஆனால் போக வரச் சராசரி கிலோமீட்டருக்கு 7 வாட்-மணி. காற்றில்லாத நாளின் 2 எங்கே, இது எங்கே. பக்கக்காற்றும் சும்மா விடாது: கடலிலிருந்து நேர்குறுக்காக வீசும் 20 கி.மீ. காற்று, காற்றுத்தடையை இரு திசையிலும் நாற்பது சதவீதம் கூட்டும்.

ஏற்றத்தின் கணக்கு இதைவிட நேர்மையானது. 105 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க, முழுப் பாரமும் மோட்டார் மேல் விழுந்தால் 38 வாட்-மணி. கடலோர ஏற்றங்கள் தனித்தனியாகப் பார்த்தால் அற்பமானவை. ஐம்பது மீட்டர், அறுபது மீட்டர். ஒரு நாளில் அப்படிப் பத்து வந்தால் 600 மீட்டர் ஆகிவிடும், 230 வாட்-மணி போய்விடும். வரைபடத்தில் "மிக உயரமான இடம் 70 மீட்டர்" என்று பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பார்க்க வேண்டியது மொத்த ஏற்றத்தை.

ஹப் மோட்டாரா, மிட் டிரைவா?

ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. செயினுக்கும் கியருக்கும் அதன் பாரம் தெரியாது. மிட் டிரைவ் பெடல் அச்சில் இருக்கிறது. அதன் விசை முழுவதும் செயின் வழியாகப் போகிறது. கடலோரத்தில் இந்த ஒரு வித்தியாசம் இரண்டு எதிரெதிர் விளைவுகளைத் தருகிறது.

முதலில் ஏற்றம். 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறுகிறீர்கள். பெரிய சக்கரம் அப்போது நிமிடத்துக்கு 62 சுற்று சுற்றும். ஹப் மோட்டார் 25 கி.மீ. வேகத்தில் 190-க்கு மேல் சுற்றும்படி செய்யப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் அதைப் பிழிந்தால் பேட்டரியிலிருந்து எடுப்பதில் பாதி வரை சூடாகவே போகும். இரண்டு நிமிட ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. பதினைந்து நிமிடம் தொடர்ந்தால் மோட்டார் உறை கை வைக்க முடியாத அளவு சுடும். நல்ல கன்ட்ரோலர் உதவியைக் குறைத்துவிடும், மட்டமானது குறைக்காது. உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் இளகித் தேயத் தொடங்குவது இப்படித்தான். மோட்டார் அரைக்கிற மாதிரி ஒரு புதுச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அந்தப் பல்சக்கரங்கள்தான்.

மிட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. முன்னே 38 பல், பின்னே 46 பல் போட்டால் சக்கரம் 62 சுற்றும்போது பெடல் 75 சுற்றும். மோட்டாருக்கும் காலுக்கும் பிடித்த வேகம் அது. பெடல் அச்சில் 60 நியூட்டன் மீட்டர் சுழற்று விசை தரும் மோட்டார் அந்தக் கியரில் சக்கரத்துக்கு 72 தருகிறது. 40 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும் ஹப் மோட்டாருக்கு எந்தக் கியர் போட்டாலும் 40-தான். ஆனால் மறந்துவிட வேண்டாம்: அதே மிட் டிரைவை 38-க்கு 11 என்ற உயர்ந்த கியரில் வைத்துக்கொண்டே ஏறினால் சக்கரத்துக்குப் போவது 17 நியூட்டன் மீட்டர். "மிட் டிரைவ் வாங்கியும் ஏறவில்லையே" என்ற புகார்களில் பல, கியர் மாற்றாத புகார்கள்.

அடுத்தது செயின். மோட்டாரின் விசையும் காலின் விசையும் ஒரே செயினில் ஓட, அதன் மேல் ஈர மணலும் உப்பும் ஒட்டினால் அது அரைக்கும் பசையாக மாறிவிடுகிறது. புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 304.8 மி.மீ. நீளம். அது 306.3 ஆனதும், அதாவது அரை சதவீதம் நீண்டதும், செயினை மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பின் பல்சக்கரத் தொகுதியும் சேர்ந்து போகும். அது செயினைப் போலப் பல மடங்கு விலை. ஹப் மோட்டார் வண்டியில் செயின் உங்கள் காலின் விசையை மட்டும் சுமப்பதால் நிதானமாகவே தேயும். அது அறுந்தே போனாலும், திராட்டில் (பெடல் மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் கைப்பிடி) உள்ள வண்டி என்றால் வீடு வந்து சேரலாம். மிட் டிரைவில் செயின் அறுந்தால் வண்டி தள்ளுவண்டி.

செயினுக்குப் பதில் கார்பன் பெல்ட் போட்ட மிட் டிரைவ் வண்டிகள் உண்டு. கியர் பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும். பெல்ட் துருப்பிடிக்காது, எண்ணெய் கேட்காது, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து தினமும் ஓட்டுகிறவர் இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. வருடத்துக்கு நாலு முறை போகிறவருக்குத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. பெல்ட் அறுந்தால் வழியில் ஒட்டுப்போட முடியாது. நீளமும் பல் எண்ணிக்கையும் சரியாகப் பொருந்தும் மாற்றுப் பெல்ட் எல்லாக் கடையிலும் இருக்காது.

ஹப் மோட்டாரின் உண்மையான பலவீனம் பின் டயர் பஞ்சர். சக்கரத்தைக் கழற்ற 18 அல்லது 19 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், சாதாரண சைக்கிள் கிட்டில் அது இருக்காது. முதலில் பேட்டரியை அணைத்துக் கழற்றுங்கள். மோட்டார் வயரின் இணைப்பானை முறுக்காமல் நேராக இழுங்கள். இரு பக்கமும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் வந்தால்தான் திரும்பப் பொருந்தும். வாஷர்கள் வந்த வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று, நாக்கு உள்ள வாஷர், மோட்டார் அச்சு சுழன்றுவிடாமல் பிடிப்பது. அந்த நாக்கு ஃபிரேமின் பிளவுக்குள் உட்கார வேண்டும். அதை மாட்டாமல் விட்டால் முதல் ஏற்றத்திலேயே அச்சு சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும். திரும்ப மாட்டும்போது வயர் வெளியே வரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் மழையும் அலைத்துளியும் வயரைப் பிடித்துக்கொண்டே மோட்டாருக்குள் இறங்கும். நட்டை இறுக்க 40 நியூட்டன் மீட்டர் அளவு வேண்டும், அதாவது நீளமான ஸ்பேனரில் நன்றாகவே அழுத்த வேண்டும். இதையெல்லாம் படித்ததும் மலைப்பாக இருந்தால், சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு ஓரத்தை நெம்பி, டியூபின் ஓட்டை விழுந்த பகுதியை மட்டும் வெளியே இழுத்து ஒட்டுப்போடலாம். பழைய முறை, நடுவழியில் அதுவே உத்தமம்.

சென்சார் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் கேடன்ஸ் சென்சார், மிதித்த பிறகு ஒரு கணம் தாமதித்து மொத்தமாகத் தள்ளும். நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறு பக்கம் வாகனங்கள், குறுக்கே காற்று என்ற இடத்தில் அந்தத் தள்ளல் ஆகாது. டார்க் சென்சார் காலின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்பத் தருகிறது. சும்மா சுற்றும் காலுக்கு மின்சாரம் கொட்டாததால் பேட்டரியும் மிச்சம். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பெரிய மோட்டாரை விட்டுவிட்டு டார்க் சென்சாரை எடுங்கள்.

பேட்டரி: ஒரு பெரியதா, இரண்டு சிறியதா?

700 வாட்-மணியில் ஒன்று, அல்லது 400 வீதம் இரண்டு. எடை வித்தியாசம் பொருட்டல்ல. இரண்டு இருந்தால் ஒன்று பழுதானாலும் ஊர் திரும்பலாம். உப்புக் காற்றில் முதலில் கோளாறு காட்டும் இடம் பேட்டரியின் முனைகள்தான் என்பதால் இது வெறும் பயமல்ல. ஆனால் இரண்டாவதைப் பையில் சுமக்க வேண்டும். அதன் முனைகள் சாவியிலோ ஸ்பேனரிலோ பட்டுவிடாதபடி மூட வேண்டும். பாதி தீர்ந்த ஒன்றையும் முழுதாக உள்ள இன்னொன்றையும் சொந்த வயரிங் போட்டு இணைக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குக் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டம் பாய்ந்து இணைப்பு உருகும்.

ஒன்றோ இரண்டோ, கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தங்கும் இடத்தில் மாடிக்கு எடுத்துப்போய் சார்ஜ் போடவும், வண்டியைப் பயமின்றிக் கழுவவும் அது தேவை.

சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்ற திட்டத்தையும் கணக்கில் போட்டுப் பாருங்கள். 36 வோல்ட் பேட்டரியோடு வரும் 2 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது 75 வாட்-மணி அளவுதான். எதிர்க்காற்றில் அது ஐந்து கி.மீ. சொச்சத்துக்கு வரும். 4 ஆம்பியர் சார்ஜர் என்றால் அதன் இரு மடங்கு. நீண்ட பயணத்துக்கு, இரண்டாவது பேட்டரி வாங்கும் முன் வேகமான சார்ஜரை அந்தப் பேட்டரி ஏற்குமா என்று கேட்பது மலிவான வழி.

பேட்டரி கடல்நீரில் முழுகிவிட்டால், துடைத்துக் காயவைத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்கக் கூடாது. உப்புநீர் உள்ளே செல்களுக்கு இடையே மின்பாதை அமைத்துவிடும். சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, அப்புறப்படுத்துவதற்கு வழி கேளுங்கள்.

டயரும் மணலும்

நான்கு அங்குலத் தடித்த டயர் வண்டிகள் கடற்கரைப் படங்களில் அழகாக இருக்கும். தார்ச்சாலையில் அவற்றின் உருளல் தடை சாதாரண டயரைப் போல இரு மடங்கு என்று வைத்தால், காற்றில்லாத சமதரையில் மோட்டாரின் பங்கு 30 வாட்டிலிருந்து 75-க்கு ஏறிவிடும். வண்டியும் 30 கிலோவைத் தாண்டும். பயணத்தின் பெரும்பகுதி சாலைதான் என்றால், எப்போதாவது வரும் மணலுக்காக எப்போதும் வரி கட்டுவது போல இது.

மணலில் ஓட்டத்தான் போகிறோம் என்றால் கதை வேறு. அங்கே காற்றழுத்தம்தான் எல்லாம். சாலையில் 20 பிஎஸ்ஐ இருக்கும் தடித்த டயரை மணலுக்கு இறங்கும்போது 8 வரை இறக்க வேண்டும். டயர் தட்டையாகிப் பரந்து உட்காரும், மணலைக் கிழிக்காது. திரும்பச் சாலை ஏறும்போது காற்றடிக்க வேண்டும், ஆகவே கைப்பம்பும் குறைந்த அழுத்தத்தைக் காட்டும் கேஜும் கட்டாயம். காய்ந்த பொலபொல மணலில் தடித்த டயரும் திணறும். கெட்டியான ஈர மணல்தான் ஓட்டுவதற்கு. கடல் வற்றி அடிமட்டம் தொடும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பிருந்து இரண்டு மணி பின்பு வரை அது கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிட இடைவெளி. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்னால் தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் வற்றுவதால் ஈர மணல் அகலமாக இருக்கும். அதே வேகத்தில் நீர் ஏறவும் செய்யும். பாறை முனையைச் சுற்றிக்கொண்டு அடுத்த விரிகுடாவுக்குப் போனவர் திரும்பும் வழி மூடிவிடுவது இந்த நாட்களில்தான்.

தேங்கிய உப்புநீரில் வண்டியை இறக்க வேண்டாம், அதிலும் ஏறி வந்த சூட்டோடு கூடவே கூடாது. சூடான மோட்டார் குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் சீல்களையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். தெறிக்கும் நீரைத் தாங்கும் தரமுள்ள மோட்டார்தான். முழுகுவதற்கு அது செய்யப்படவில்லை.

மணல் வேண்டாம், கரடுமுரடான பாதை கொஞ்சம் வரும் என்பவருக்கு 45 முதல் 50 மி.மீ. டயர், 35 முதல் 45 பிஎஸ்ஐ. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

உப்பு

இரண்டு ஒரே மாதிரி வண்டிகளில் ஒன்று மூன்று வருடத்தில் பாழாகி, இன்னொன்று பத்து வருடம் ஓடுவதற்கு முக்கியக் காரணம், ஓட்டிய அன்றே கழுவினார்களா என்பதுதான். உப்பு காய்ந்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. காய்ந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மறுபடி நீர்த்து, இரவெல்லாம் அரிக்கும்.

பேட்டரியைக் கழற்றி, வண்டியில் அது உட்காரும் முனைகளை ஒரு பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். நல்ல தண்ணீரை வாளியிலோ மெல்லிய தாரையிலோ மேலிருந்து கீழாக ஊற்றுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டவே வேண்டாம். அது பேரிங் சீலைத் தாண்டி உப்புநீரை உள்ளே தள்ளி, கிரீஸை வெளியே தள்ளும். துணியால் துடைத்து, செயினைப் பின்னோக்கிச் சுற்றித் துணியில் உலர்த்தி, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிடம் கழித்து வெளியில் படிந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். வெளியில் நிற்கும் எண்ணெய் மணலைப் பிடிக்கத்தான் உதவும். டிஸ்க் பிரேக்கின் தட்டில் எண்ணெய்த் துளி படவே கூடாது. ஸ்பிரே டப்பாவைத் தூர வையுங்கள்.

பேட்டரி முனைகளில் பச்சைப் படலம் தெரிந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நன்கு காய்ந்ததும் சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவலாம். இந்தப் பச்சைப் படலம்தான் மேடு பள்ளத்தில் வண்டி திடீரென அணைந்து எரிவதற்குக் காரணம்; மோட்டார் போய்விட்டது என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மாதம் ஒருமுறை சீட் கம்பியை வெளியே இழுத்து கிரீஸ் தடவிப் போடுங்கள். ஸ்டீல் ஃபிரேமில் அலுமினியக் கம்பி உப்போடு சேர்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை எடுக்க ரம்பம்தான் வழி.

பிரேக் தேர்வில் ஹைட்ராலிக். கேபிள் பிரேக்கின் உள்கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும், ஹைட்ராலிக் குழாய் மூடியது. பேடு வாங்கும்போது ரெசின் வகையைவிட உலோகத்தூள் வகை. ஈர மணல் ரெசினை வெண்ணெயாகத் தின்றுவிடும்.

சொந்தமா, வாடகையா, மடக்கு வண்டியா?

விமானத்தில் போய்ச் சேரும் கரை என்றால் கேள்விக்கே இடமில்லை, வாடகைதான். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை எடுத்துப்போக முடியாது. 100-க்கு மேல் 160 வரையிலும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெரும்பாலான சைக்கிள் பேட்டரிகள் அந்த வரம்புக்குள் வராது.

வாடகை வண்டியின் பெரிய லாபம், உப்புச் சேதம் உங்கள் தலையில் விழாது. பெரிய ஆபத்து, பேட்டரியின் வயது தெரியாது. எடுக்கும் முன் திரையில் வோல்ட் காட்டச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் 36 வோல்ட் பேட்டரி 42-க்கும், 48 வோல்ட் பேட்டரி 54.6-க்கும் அருகில் இருக்க வேண்டும். பிறகு அருகிலுள்ள ஏற்றத்தில் முழு உதவியோடு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரிக் கோடுகள் இரண்டு விழுந்து, நிறுத்தியதும் திரும்ப எழுந்தால் செல்கள் கிழடாகிவிட்டன. வேறு வண்டி கேளுங்கள். பிரேக் பேடின் உராய்வுப் பகுதி 1 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா, பின் சக்கரத்தில் கம்பி ஏதும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரையும் பேட்டரிச் சாவியையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சாவியை மட்டும் தந்து சார்ஜரை மறப்பது சகஜம். திராட்டில் உள்ள வண்டி என்றால் போகும் பாதையில் அதற்கு அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சைக்கிளாகக் கணக்கிடப்படுவது 250 வாட், 25 கி.மீ. வேகத்தோடு உதவி நின்றுவிடும் வண்டிதான். நடப்பவர்களோடு பகிரும் கடலோரப் பாதைகள் பல நாடுகளில் திராட்டிலை ஏற்பதில்லை.

மடக்கு வண்டியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 20 அங்குலச் சக்கரம் என்பதால் அதே ஹப் மோட்டார் தரையில் கூடுதல் தள்ளுவிசை தரும். பெரிய சக்கரத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். பேட்டரி சிறியது, 250 முதல் 360 வாட்-மணி. ஆனால் மடித்து ரயிலிலோ படகிலோ ஏற்ற முடிகிறவருக்கு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. பின்காற்றில் 50 கி.மீ. ஓட்ட 300 வாட்-மணி தாராளம். குறை என்னவென்றால் குழிகளில் தூக்கிப்போடும். பாறைகளுக்கு இடையிலிருந்து திடீரென அடிக்கும் பக்கக்காற்றில் ஹேண்டில் படபடக்கும். கைப்பிடியில் பை மாட்டாமல் பாரத்தைக் கீழே, பின்னால் வைத்தால் பாதி சரியாகும்.

எந்தத் திசையில் கிளம்புவது?

திரும்பி வந்தே ஆக வேண்டும் என்றால் முதலில் எதிர்க்காற்றில் போங்கள். பின்காற்றில் தொடங்குகிறவரைத் திரையே ஏமாற்றும். "இன்னும் 120 கி.மீ." என்று அது காட்டுவது கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரின் செலவை வைத்துத்தான், திரும்பியதும் அதே எண் சில நிமிடங்களில் 25-க்கு விழும். எதிர்க்காற்றில் தொடங்கியவர் பேட்டரியில் 60 சதவீதம் வரை செலவழித்துவிட்டுத் திரும்பலாம். பின்காற்றில் தொடங்கியே தீர வேண்டும் என்றால் பேட்டரி சதவீதத்தை நம்பாமல் தூரத்தைப் பார்த்துத் திரும்புங்கள்: மேலே போட்ட கணக்கில், 500 வாட்-மணி பேட்டரி எதிர்க்காற்றில் 28 கி.மீ.க்குத்தான் வரும்.

நேரமும் திசையை மாற்றும். விடியற்காலையில் கரைக்காற்று மெலிதாக இருக்கும், அல்லது காற்றே இருக்காது. தரை சூடேறச் சூடேற, முற்பகலில் கடற்காற்று தொடங்கிப் பிற்பகலில் உச்சம் பெறும். தொடக்கத்தில் அது கரைக்கு ஏறக்குறைய நேர்குறுக்காக வரும். மணிகள் செல்லச் செல்ல பூமியின் சுழற்சி அதை வளைக்கிறது: வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாக, தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாக. ஆகவே பருவக்காற்றோ புயல் காற்றோ மேலோங்காத நாளில், வட அரைக்கோளத்தில் மாலை நெருங்கும்போது கடல் உங்கள் வலப்பக்கம் இருக்கும் திசையில் ஓட்டினால் காற்று கொஞ்சம் முதுகில் தள்ளும். தெற்கே, கடல் இடப்பக்கம் இருந்தால்.

இதோடு சாலை விதியும் சேர்கிறது. வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் நாடுகளில் கடல் இடப்பக்கம் இருக்கும்படி போனால் கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் எதிர்வண்டிகள் இருக்காது. நின்று பார்க்கும் இடங்களுக்குச் சாலையைக் கடக்காமல் ஒதுங்கலாம். வலப்பக்கம் ஓடும் நாடுகளில் இதற்கு நேர்மாறு. வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் ஓடும் நாட்டில் காட்சியும் மாலைக்காற்றும் ஒரே திசையில் சேர்ந்துவிடுகின்றன. வடக்கே இருந்துகொண்டு இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அங்கே விடியலில், காற்று எழும் முன், கடலை இடப்பக்கம் வைத்துக் கிளம்புங்கள். ஒதுங்கி நிற்பதையெல்லாம் போகும்போதே முடித்துக்கொண்டு, பிற்பகல் காற்று வளையத் தொடங்கியதும் கடலை வலப்பக்கம் வைத்து நிற்காமல் திரும்பிவிடலாம்.